பாவாயிக்கு வந்த பூவாக்கு

என் பெயர் பாவாயி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் வேலை. போன் வந்தால் ‘பவி பேசறேனுங்க’ என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரால் பட்ட கேலி போதாதா? இது என்னோடு ஒழியட்டும் என்று ஊரறியச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் என் தம்பி செங்கோடனின் மகளுக்கு அதே பெயரை வைக்கப்போவதாக அவன் மனைவி ரஞ்சனி சொன்னதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிண்டல் பண்ணுகிறாயா என்றே கேட்டுவிட்டேன். அவள் அசரவில்லை. சுற்றுப்பட்டில் இருக்கிற பாவாத்தா, பாவாயம்மாள் எல்லாரும் இதே பெயர்க்காரிகள்தானாம்.

“பாவைன்னா கண்ணுக்குள்ள இருக்கற கருமணிங்க அண்ணி. ஆயின்னா அம்மா. கண்ணுமணியாட்டம் இருக்கற தாயின்னு அர்த்தமுங்க. இத உட்டுப்போட்டு அர்த்தமே தெரியாத பேர எதுக்குங்க வெக்கோணும்?”

இத்தனை வருஷம் சுமந்த பெயர். ஒருத்தராவது இதைச் சொன்னார்களா? எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஆபீஸ் போனில் ‘பாவாயி பேசறேனுங்க’ என்றேன்.

தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா பட்ட பாட்டை மகளும் படவேண்டுமா என்று, செல்போனில் தேடிப் பிடித்த ‘தியாஷினி’யிலேயே நின்றான். கடைசியில் குலசாமியிடம் பூக்கேட்பது என்று முடிவானது. இரண்டு இலைப் பொட்டலம். பூசாரி எடுப்பதில் வெள்ளை அரளி இருந்தால் பாவாயி, செவ்வரளி இருந்தால் தியாஷினி. பொட்டலம் கட்டும் வேலையை என்னை நம்பிக் கொடுத்தார்கள். சாமி கோபித்துக்கொள்ளாது என்ற தைரியத்தில் இரண்டிலும் வெள்ளையையே வைத்துக் கட்டிவிட்டேன்.

பூசாரி கந்தப்பன் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. ரஞ்சனி குழந்தையை முத்தமிட்டுத் தீர்த்தாள். எனக்கு அங்கேயே குதிக்கவேண்டும்போல் இருந்தது. அப்போதுதான் தம்பி, மற்றதையும் பார்த்துவிடுகிறேன் என்று குனிந்தான்.

இலையைப் பாதி பிரித்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் குழந்தையைப் பார்த்தேன். இலையை மறுபடி மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

“செவப்புத்தானுங்க,” என்றான் பூசாரியிடம். பிறகு என் பக்கம் திரும்பினான். “அக்கா, அத்தைக்காரி நீதான. பாப்பா காதுல பேரச் சொல்லு.”

மூன்று முறை சொன்னால் போதும். எனக்குத்தான் நிறுத்த மனசு வரவில்லை.