சின்ன வண்டிக்கு ஒரு மலை

பலகைக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன, வெடித்த குதிகால், சுண்டுவிரலில் பாதி உரிந்த நகப்பூச்சு, காபி டம்ளரோடு மாடியேறி வந்த திரவியம் வாசலிலேயே நின்றுவிட்டார், ஏழு வயதிலும் அவர் மகள் வடிவு இப்படித்தான் படுத்திருப்பாள், மேலே பலகையில் பொம்மை ரயில் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே தலையணையைக் கட்டிக்கொண்டு, அப்பா ஆரியங்காவு தாண்டிட்டா என்று கேட்பாள், தாண்டிட்டு தாயி, நீ தூங்கு என்பார், சக்கரச் சத்தம் பலகை வழியாக இறங்கி அவள் தூக்கத்துக்குள் போய்விடும், ஆரியங்காவு எங்கே தாண்டியது, அந்தப் பலகையில் மலைமேல் இருக்கிற ஆரியங்காவே கிடையாது, அடிவாரத்துச் செங்கோட்டை ஸ்டேஷன் மட்டும்தான் உண்டு, அதைக் கட்டவே மாடி அறையின் நாலு சுவரும் போதவில்லை, சாண் நீளத்துக்கு ஒரு பெட்டி, ஐந்து பெட்டி கோத்தால் மூலை திரும்புகையில் வண்டியின் தலை ஒரு சுவரிலும் வால் இன்னொரு சுவரிலும் கிடக்கும், சிங்கப்பூரிலிருந்து மச்சினன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாய் வாங்கி வந்து சேர்த்தவை, இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமலே பலகைக்கு அடியில் குனிந்து நடுவே போய் எழுந்து நிற்பார், சுற்றிலும் ரயில், அங்கே நின்றால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இப்போது வடிவுக்கு முப்பத்தைந்து வயது, பெங்களூரில் கல்யாணம் முறிந்து இரண்டு பெட்டிகளோடு வந்து மூன்று வாரமாகிறது, ஏன் என்று அவரும் கேட்கவில்லை, அவர் மனைவி கோமதியும் கேட்கவில்லை, சொல்லும்போது சொல்லட்டும் என்று இருந்தார்கள், பெருமாள்புரத்து வீட்டில் கீழே ஒரே ஒரு படுக்கையறை, ஹாலில் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு வந்து பலகைக்கு அடியில் விரித்துக்கொண்டாள், அன்றிலிருந்து அவர் ரயிலை ஓட்டவில்லை, டம்ளர் கதவில் இடித்ததோ என்னவோ, திடுக்கிட்டு எழுந்தவள் நெற்றி பலகையில் மோதி ஸ்டேஷனே ஒரு குலுங்கு குலுங்கியது, பிளாட்பாரத்தில் நின்ற விரல் உயர மனிதர்கள் சாய்ந்தார்கள், எஞ்சின் ஒருக்களித்து விழுந்தது, வடிவு நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், புடைப்பைத் தடவவில்லை, எஞ்சினைத்தான் பார்த்தாள், ஸாரிப்பா, உடைஞ்சிருச்சா என்றாள். அது உடையவில்லை, ஆனால் அந்த ஒரு சொல் அவருக்குள் எங்கோ போய்க் குத்திக்கொண்டது, பெற்ற வீட்டில் நின்று ஒரு பொம்மைக்காக மன்னிப்புக் கேட்கிற நிலைமைக்கா இவளை வளர்த்தோம் என்று அன்று காலை முழுக்க அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே, மாடி ரயிலைப் பிரிச்சிரலாம்னு இருக்கேன் என்றார், வடிவு கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள், எனக்காக ஒரு ஆணியைக்கூட நீங்க பிடுங்கக் கூடாது, பிடுங்கினா நான் ஹாஸ்டல் பாத்துப் போயிருவேன் என்றாள், குரல் உயரவில்லை, அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது, செய்தாலும் செய்வாள், ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தவள் இன்னொரு வீட்டில் இன்னொருவர் இடத்தைப் பிடிக்க விரும்பவில்லை, கோமதி ரசத்தை ஊற்றுகிற சாக்கில் அவரைப் பார்த்தாள், ஏதாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை, அவர் வாயில் அப்போது தோன்றியதைச் சொன்னார், உனக்காக யாரு பிரிக்கா, எனக்கே இந்தப் பெரிய வண்டி சலிச்சுப் போச்சு, இதிலே பாதி அளவுக்கு ஜப்பான்காரன் பண்ணுதான், விரல் நீளந்தான் எஞ்சின், அதுக்கு மாறணும்னு ரொம்ப நாளா நினைப்பு, முப்பது வருஷமா ஸ்டேஷனை விட்டு வண்டி கிளம்பவே இல்லையே, சின்னதுன்னா மலையையே வச்சிரலாம்லா.

பொய்தான், அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் சின்ன வண்டியை அவர் மதித்ததே இல்லை, அதெல்லாம் கீ கொடுத்து விடுகிற சாமான் மாதிரி என்று சொல்லித் திரிந்தவர், ஆனால் சொன்னதை நிரூபிக்கவேண்டி அன்று சாயங்காலம் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு வரைய உட்கார்ந்தார், ஒரு கதவுப் பலகை அளவுதான் இடம், பென்சில் செங்கோட்டையை விட்டுப் புறப்பட்டது, பகவதிபுரம் வந்தது, குகை வந்தது, இன்னும் தாளில் இடம் இருந்தது, ஆரியங்காவு வந்தது, பதின்மூன்று கண் பாலம் வந்தது, பென்சில் நிற்கவில்லை, அவர் தாளுக்குள் இருக்கிறாரா வண்டிக்குள் இருக்கிறாரா என்று தெரியவில்லை, மரப்பெஞ்சில் பக்கத்தில் கோமதி, வயிற்றில் வடிவு, ஐந்து மாதம், பஸ் என்றால் குமட்டும் என்று மீட்டர்கேஜ் வண்டியில் புனலூருக்கு அவள் அக்காளைப் பார்க்கக் கூட்டிப் போகிறார், மழை, ஜன்னலில் தேக்கிலை வாசனை, வண்டி குகைக்குள் நுழைகிறது, கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டு, கோமதி அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தன் வயிற்றில் வைக்கிறாள், அசையுது பாருங்க என்கிறாள், உள்ளங்கையில் மீன் துள்ளுகிற மாதிரி ஒன்று, வெளிச்சம் வந்தபோது இருவரும் எதிரே இருந்தவர்களைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார்கள், இத்தனை வருஷம் நான் ஸ்டேஷனில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று திரவியம் நினைத்தார், பொய் சொல்லப் போய் அது நிஜமாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

தாளில் எழும்பிய மலையைப் பார்த்தபின் வடிவும் தடுக்கவில்லை, பெரிய ரயிலை வள்ளியூரிலிருந்து இதே பித்துப் பிடித்த ஒருவர் மினி லாரி கொண்டுவந்து ஏற்றிப் போனார், லாரி தெருமுனை திரும்புகிறவரை திரவியம் வாசலில் நின்றார், வடிவு அவரைவிட அதிக நேரம் நின்றாள், மாடி அறை வெறுமையாய்ப் பெரிதாகக் கிடந்தது, அவள் அதில் கட்டில் போட்டுக்கொண்டாள், கீழே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் கதவுப் பலகை ஏறியது, பெருக்கவிடாமல் என்ன எழவு இது என்று கோமதி சடைத்துக்கொண்டே தேங்காய் நாரைப் பிரித்துப் பச்சைச் சாயம் தோய்த்துக் காடு செய்து தந்தாள், ஈரக் காகிதத்தில் மலை எழும்பியது, குகை திறந்தது, பாலம் நின்றது, ஜப்பான் எஞ்சினும் வந்தது, உள்ளங்கையில் கனமே இல்லாமல் கிடந்தது, ஆனால் அதைத் தண்டவாளத்தில் வைக்க அவரால் முடியவில்லை, குன்றிமணி போன்ற சக்கரங்கள், ஒன்று பொருந்தினால் இன்னொன்று விலகியது, கண்ணாடியை மாற்றிப் பார்த்தார், மூச்சைப் பிடித்துப் பார்த்தார், யாரும் பார்க்குமுன் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார், பெயின்ட் காயணும் என்று ஒரு நாள் சொன்னார், ஒயர் சரியில்லை என்று ஒரு நாள் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்த வடிவு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள், என்னப்பா, ஓடவே இல்லையே என்றாள், அவர் மலையைப் பார்த்தபடி, கை நிக்கமாட்டேங்கு தாயி, சக்கரம் ஏறவே மாட்டேங்கு என்றார், அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எனக்காகத்தானே சின்னதாக்குனீங்க என்று மட்டும் கேட்டாள், ஆமா என்றார், மறைக்க மனம் வரவில்லை, அப்படித்தான் ஆரம்பிச்சேன், இப்போ நீயே கட்டிலைத் தூக்கிட்டுக் கீழே வந்து, பழையபடி பெருசா கட்டுங்கன்னு சொன்னாலும் கட்டமாட்டேன், எனக்கு மலை வேணும் என்றார். வடிவு அவர் முகத்தையே பார்த்தாள், சின்ன வயதில் மருந்து கசக்குமா கசக்காதா என்று அவர் முகத்தில் தேடுவாளே அந்தப் பார்வை, தேடியது கிடைத்துவிட்டது போல எழுந்தாள், பெட்டியைத் திறந்து எஞ்சினை எடுத்து, சுண்டுவிரலால் மெல்லத் தட்டித் தட்டி உட்காரவைத்தாள், ஒவ்வொரு பெட்டியாய் ஏற்றிக் கோத்தாள், ம் என்றாள்.

திரவியம் விசையைத் திருகினார், வண்டி கிளம்பியது, தலையிலிருந்து வால் வரை முழு வண்டியும் ஒரே பார்வையில் தெரிகிறது, மலை அதைவிடப் பெரிதாக இருக்கிறது, கோமதி அடுக்களையிலிருந்து முறத்தோடு வந்து நிற்கிறாள், எஞ்சின் குகைக்குள் போகிறது, ஒவ்வொரு பெட்டியாய்ப் போகிறது, வெளியே ஒன்றுமே இல்லை, சத்தம் மட்டும் உள்ளே, கோமதி சிரிக்கிறாள், என்னம்மா என்றாள் வடிவு, ஒண்ணுமில்ல, நீ அசைஞ்சது இங்கதான் என்றாள் கோமதி, எங்க என்று வடிவு குனிந்தாள், அதற்குள் வண்டி மறுபக்கம் வெளியே வந்து பாலத்தில் ஏறிவிட்டது, மூன்று பேரும் அது இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நின்ற பிறகு வடிவு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள், படியேறப் போனவள் திரும்பி நின்று, அப்பா, என் ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லையே, ஒண்ணு வாங்கிப் போட்டுத் தாங்க என்றாள். என் ரூம் என்றுதான் சொன்னாள். திரவியம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.