இருவருக்கும் நடுவே ஒரு கோப்பு

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு சின்ன நிறுவனம் ஷேர் டாக்ஸி இருக்கைகளைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை நடத்தி வந்தது. அதில் சர்வர் வேலை ஜிபாருடையது. பயணிகள் கைபேசியில் பார்க்கும் பக்கம் எர்மெக்குடையது. கணவன் மனைவியாக இருந்தவரை, சர்வர் எந்தத் தகவலை எந்தப் பெயரில் செயலிக்கு அனுப்புவது என்பதைத் தேநீர் குடித்துக்கொண்டே பேசி முடித்துவிடுவார்கள். எங்கும் எழுதி வைத்ததில்லை. இலையுதிர் காலத்தில் விவாகரத்து ஆனது. பேச்சு நின்றது, வேலை நிற்கவில்லை.

பயணிகள் முன் இருக்கை கேட்கிறார்கள் என்று, அதுவரை சர்வரிலிருந்து எண்ணாகப் போய்க்கொண்டிருந்த இருக்கைக் குறியீட்டை ஜிபார் எழுத்தாக மாற்றினாள். எர்மெக்கிடம் சொல்ல வாய் வரவில்லை. அவன் செயலிக்கு அந்த எழுத்து புரியாமல், நிரம்பிய வண்டியையும் காலி என்றே காட்டியது.

மறுநாள் காலையில் நாரின் ஊரிலிருந்து ஓட்டுநர் சாகின் ஜிபாரைப் போனில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர் நிக்கிறாங்க. ஒருத்தி மாசமா இருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம். இன்னொருத்தரை நான் மடியில வச்சா ஓட்டுறது?"

"அவங்கள ஏத்திக்குங்க அண்ணே. அவருக்கு வேற வண்டி நான் பாக்குறேன்."

வேறு வண்டி மதியம்தான் கிடைத்தது. அதுவரை பனியில் நின்ற மனிதரிடம் ஜிபார் போனில் மன்னிப்புக் கேட்டாள். அவர் திட்டாமல் "பரவாயில்லம்மா" என்றது அவளை இன்னும் குத்தியது.

எர்மெக் அவள் மேசைக்கே வந்துவிட்டான். "மாத்துனா ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"நீ போனை எடுத்தாத்தானே?"

"நீ கூப்பிடவே இல்லையே."

அது உண்மை.

அன்று பிற்பகல் தன் நிரலுக்குள் சிதறிக் கிடந்த ஏபிஐ விதிகளை, அதாவது செயலியும் சர்வரும் தகவல் பரிமாறும் விதிகளை, எல்லாம் பிரித்தெடுத்துத் தனிக் கோப்பில் ஸ்கீமா என்ற ஒழுங்கான பட்டியலாக எழுதினாள். செயலி எதைக் கேட்கலாம், சர்வர் எதைத் தரும், எது எண், எது எழுத்து, எது காலியாக இருக்கலாம் என்று எல்லாம் அதில் இருந்தது. எந்தப் பக்கம் அதை மீறினாலும் புதிய பதிப்பு வெளியாகாது. கோப்பை ஒருவர் திருத்தினால் மற்றவர் சம்மதிக்க வேண்டும்.

"இன்னொரு ஒப்பந்தமா?" என்றான் எர்மெக். "கோர்ட்ல போட்டது பத்தலையா?"

"அதுல நாம கையெழுத்து மட்டும்தான் போட்டோம். இதுல நீயும் எழுதலாம்."

நின்றபடி படித்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எண்ணை எடுத்துடாத. பழைய செயலி வச்சிருக்கிறவங்களுக்கு அது வேணும். முன் சீட்டா பின் சீட்டாங்கிறது தனியா இருக்கட்டும்."

"எழுது."

எழுதினான். கீழே 'உதவி தேவைப்படுபவர்' என்று இன்னொரு வரியும் சேர்த்தான். "யாருக்கு முதல்ல இடம் தரணும்னு டிரைவருக்குத் தெரியணும்ல?"

ஜிபார் அதைத் திருத்தாமல் சம்மதித்தாள்.

அவர்கள் மறுபடி சேரவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கோப்பின் ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டார்கள். முதலில் வெறும் 'சரி'. பிறகு 'இது எதுக்கு?'. வசந்தம் வந்தபோது, ஒரு பெயரை எப்படி வைப்பது என்ற சண்டை குறிப்பில் அடங்காமல், கீழே லக்மான் நூடுல்ஸ் கடைவரை பேசிக்கொண்டே போனார்கள். எர்மெக்தான் தோற்றான். சிரித்துக்கொண்டே தோற்றான்.