பிஸ்கட் டப்பா ஆஸ்பத்திரி

எங்கள் வீட்டில் நோய் வருவதற்கு முன்பே டாக்டர் வந்துவிட்டார். வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். மகளின் கிடாரை வீட்டிலேயே பழுதுபார்ப்பது எப்படி என்று வேலைவெட்டியை விட்டுவிட்டு வீடியோ பார்த்தார். அதற்கென்று விற்கிற கருவிகளெல்லாம் கொள்ளை விலையாம். மூளை உள்ளவன் வீட்டில் கிடப்பதை வைத்தே சமாளித்துவிடுவானாம். மூளை அவருடையது, கிடப்பதெல்லாம் என்னுடையது. என் நகம் தேய்க்கிற அரம், புருவ இடுக்கி, துணிக் கிளிப்புகள், இருமல் மருந்து அளக்கும் சிரிஞ்சு எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குக் குடிபோயின. வண்டி மெக்கானிக்கிடம் கெஞ்சி, இடைவெளி பார்க்கிற மெல்லிய இரும்புத் தகடுகளையும் வாங்கி உள்ளே போட்டார். டப்பா மகளின் அறை அலமாரியில் ஏறி உட்கார்ந்தது.

மறுநாளே கிடாருக்கு நோய் வந்தது. தடித்த தந்தியை மீட்டினால் கூடவே ‘ங்ர்ர்’ என்று ஓர் இரைச்சல். மகள் முகம் சுண்டிப்போயிற்று. மாதக் கடைசியில் நகரத்து இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். விரல் தோல் உரிய உரிய அதற்காகத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை தவறினால் வயது தாண்டிவிடும். அவருக்கோ வாயெல்லாம் பல்.

“கவலப்படாதம்மா, அப்பா இருக்கேன்ல?”

“அதாங்க கவலையே,” என்றேன். “பேசாம கடையில குடுங்க.”

“கண்டவன் கையில குடுக்கவா? நீ சும்மா இரு.”

தந்திகள் உட்காரும் எலும்புத் துண்டை என் அரத்தால் ராவினார். நல்லவேளை, நகத்துக்குச் செய்த அரம் எலும்பிடம் பல்லைக் காட்டிவிட்டது. பிறகு என் கூந்தல் உலர்த்துகிற மிஷினால் கிடாரின் கழுத்துக்கு ஒத்தடம். அப்புறம் சிரிஞ்சில் பசை ஏற்றி, மூட்டில் ஒரு சொட்டு விட்டு, சுற்றிலும் துணிக் கிளிப்புகளை மாட்டினார். அன்று கிளிப் இல்லாமல் காய்ந்த என் துணியெல்லாம் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும் டப்பாவை மூடி அலமாரியில் வைப்பார், “இப்ப வாசிம்மா” என்பார். ‘ங்ர்ர்.’

“அப்பா, ஃப்ரெண்டு வீட்ல வாசிச்சா நல்லாத்தானேப்பா இருக்கு?”

“அவங்க ரூம் சரியில்லம்மா. குறையெல்லாம் அமுங்கிடுது. நம்ம ரூம்லதான் உண்மை கேக்குது.”

தேர்வு நாளும் வந்தது. மனுஷர் டப்பாவோடு கிளம்பி நின்றார்.

“அது எதுக்குங்க?”

“ஆபரேஷன் பண்ணவன் கூடவே இருக்க வேணாமா?”

சின்ன அறை. முன்வரிசை மரப்பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் டப்பாவை வைத்தார். மகள் எதிரே உட்கார்ந்து தடித்த தந்தியைத் தொட்டாள். ‘ங்ர்ர்.’

தேர்வு செய்கிறவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா, கிடார் இரையுது? இன்னொரு தடவ பாரு. இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிடுறோம்.”

பிள்ளைக்குக் கண் நிறைந்துவிட்டது. இவர் துள்ளி எழுந்து டப்பாவைத் திறக்கப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூடிமேல் ஓங்கிக் கையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் அந்தத் தந்தியை மறுபடி மீட்டினாள். என் உள்ளங்கைக்குக் கீழே டப்பா கிடுகிடுவென்று நடுங்கியது. அமுக்கினேன். இரைச்சல் பட்டென்று நின்றது.

அடப் படுபாவி டப்பாவே! நீதானா?

வாரி எடுத்து மடியில் வைத்து, இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, “வாசிடி கண்ணு” என்று தலையாட்டினேன். வாசித்தாள். சுத்தமாக, கணீரென்று வாசித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் வெளியே காத்திருந்து கேட்டவரை யாரையும் பாதிக்கு மேல் வாசிக்க விடாத அந்த மனிதர், “இன்னொண்ணு வாசிம்மா” என்றார்.

வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். “பாத்தியா? நான் போட்ட பசை இப்பத்தான் பிடிச்சிருக்கு.”

அந்த டப்பாவாலேயே அவர் மண்டையில் ஒன்று போட்டிருப்பேன். ஆனால் பிள்ளை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தாள்; கையை எடுக்க முடியவில்லை.