அனுப்பக்கூடிய ஆள்

எங்கள் மலையூர்ப் பள்ளியிலிருந்து தலைநகர் பிஷ்கெக்கிற்குப் பயிற்சிக்குப் போவது யார் என்பதற்கு ஒரே விதிதான். யார் இல்லாவிட்டாலும் பள்ளி நடக்குமோ, அவர் போவார். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டவும் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்புவரை வேதியியல், இயற்பியல் இரண்டும் என் தலையில் இருந்தன. நான் மூன்று வாரம் ஊரில் இல்லையென்றால் நாலு வகுப்புப் பிள்ளைகள் மேய்ப்பவன் இல்லாத ஆடுகளாய் மைதானத்தில் திரிவார்கள். ஆகவே நசிபா எஜே, அதாவது நசிபா டீச்சராகிய நான், போக முடியாது. குபாத் போவான்.

குபாத் எங்கள் பி.டி. வாத்தியார். நல்ல பையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவனைத் திட்டிவிடாதீர்கள். அவன் ஊரில் இல்லாவிட்டால் பிள்ளைகள் தாங்களே பந்தை எடுத்து ஆடிக்கொள்வார்கள். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு அவன் இயற்பியலில் புதிய முறைகள், உயிரியலில் களப்பணி, அறிவியல் வகுப்பில் கணினி என்று வந்த பயிற்சி எல்லாவற்றுக்கும் போய்வந்தான். அங்கெல்லாம் வாத்தியார்களை வட்டமாக நிற்கவைத்துப் பந்தை எறியச் சொல்வார்களாம். பந்தைப் பிடிப்பவர் தன் பெயரையும் தனக்குப் பிடித்த தனிமத்தையும் சொல்ல வேண்டும். பந்து என்றால் குபாத்தை யார் மிஞ்ச முடியும்? ஒவ்வொரு முறையும் சிறந்த பங்கேற்பாளன் என்று மாலை போடாத குறையாக அனுப்பிவைத்தார்கள்.

தேர்வு வைத்தால் மட்டும் எனக்கு போன் வரும். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பேன்.

"எஜே, சத்தம் போடாம கேளுங்க. கழிவறையிலிருந்து பேசுறேன். நடுநிலையாக்கல்னா என்ன?"

"அமிலமும் காரமும் சேர்ந்து ரெண்டும் சாதுவாயிடறது."

"கல்யாணம் மாதிரியா?"

"உன் கல்யாணத்துல யாரு சாதுவானா? எழுதுடா, உப்பும் தண்ணியும் கிடைக்கும்னு எழுது."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அப்போது அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. எப்படியும் யாரோ ஒருவர் போக வேண்டும், போனவன் தோற்று வந்தால் பள்ளிக்குத்தானே கேவலம்.

அந்த வசந்தத்தில் வந்த அறிவிப்பு வேறு மாதிரி. ஆய்வகப் பயிற்சி. மூன்று வாரமும் கையால் செய்துபார்க்கிற வேலை. முடிப்பவரின் பள்ளிக்கு ஒரு பெட்டி நிறைய சாதனங்கள்: பியூரெட், குடுவைகள், தராசு, கரைசல்கள். படித்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் பியூரெட்டைக் கடைசியாகத் தொட்டது கல்லூரியில். அதன் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சாக்பீஸால்தான் காட்டியிருக்கிறேன். நீளமான குழாய், அடியில் திருகு, அதன் கீழே குடுவை. ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும், இளஞ்சிவப்பு வந்து மறையாமல் நின்றதும் சட்டென்று மூட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, பலகையில் சிவப்பு சாக்பீஸைத் தேய்த்துக் காட்டுவேன். நன்றாக வரைவேன். ஓவிய டீச்சராகப் போயிருக்கலாம் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஓய்வு பெறுவதற்குள் ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்தச் சிவப்பு வருவதைப் பிள்ளைகளுக்கு நிஜமாகக் காட்டிவிட வேண்டும். எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

நேரே தலைமையாசிரியர் அப்திரசூல் அகாயின் அறைக்குப் போனேன். ஆண் வாத்தியார்களை எங்கள் பக்கத்தில் அகாய் என்போம். அவர் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"அகாய், இந்தத் தடவை நான் போறேன்."

"போங்க எஜே, யாரு வேணாம்னா? பதினொன்னாம் வகுப்புக்குப் பரீட்சை வருது. யாரு எடுப்பா?"

"குபாத் எடுக்கட்டும்."

"அவனுக்கு வேதியியல் என்ன தெரியும்?"

"தெரியாதவனைத்தான் வேதியியல் பயிற்சிக்கு அனுப்பப் போறீங்களா?"

"தெரிஞ்சவங்களை எதுக்கு அனுப்பணும்? கத்துக்கத்தானே பயிற்சி. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே." சொல்லிவிட்டு எனக்கும் ஒரு கிண்ணத்தில் தேநீர் ஊற்றினார். "கோவிச்சுக்காதீங்க. ரொட்டி எடுத்துக்கோங்க."

அந்த ஆளிடம் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் பள்ளியில் இல்லை. ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தேன். குபாத் போனான், பந்தைப் பிடித்தான், போன் செய்தான், பெட்டியோடு வந்தான்.

வேதியியல் அறைக் கதவுக்குப் பூட்டு இல்லை. அதனால் பெட்டியை உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் பனிச்சறுக்குக் கட்டைகள் வைத்திருக்கும் அறையில் வைத்துப் பூட்டினார்கள். குபாத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியவன். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே புரிந்துவிடும். கையெழுத்துப் போட்டவன் அந்தப் பொருளுக்குக் காவல்காரன். உடைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். உபயோகித்தால்தானே உடையும்? ஆகவே எங்கள் பள்ளியில் நல்ல பொருள் என்றால் பூட்டியிருக்கும் பொருள். கணினிகள் மூடிய உறைக்குள்ளேயே கிழடாகிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

"எஜே, நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு ஒண்ணுமில்ல," என்றான் குபாத். சாவியை மட்டும் கையிலிருந்து விடவில்லை. "ஆனா அந்த நீளக் குழாய் கண்ணாடி எஜே. பத்தாம் வகுப்புப் பசங்க கையில குடுத்தா..."

"நீ அதை எதுக்குடா வாங்கிட்டு வந்த? கும்பிடவா?"

சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவன் மனைவி அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

செப்டம்பரில் வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து குழு வருவதாகச் செய்தி வந்தது. பெட்டி வாங்கிய பள்ளியில் பெட்டியை வைத்து ஒரு திறந்த வகுப்பு நடக்க வேண்டும். பயிற்சி பெற்றவர்தான் நடத்த வேண்டும். குபாத் என்னைத் தேடி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"எஜே, என்னைக் காப்பாத்துங்க. இல்லாட்டி நான் கால உடைச்சுக்கிட்டுப் படுத்துடறேன்."

"எந்த வகுப்பு?"

"பத்தாம் வகுப்பு."

என் பிள்ளைகள். அந்தக் குழாயை அவர்கள் பார்ப்பார்கள். நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

பாடத்தை நானே அமைத்தேன். மலை மேய்ச்சலிலிருந்து குடும்பங்கள் இறங்கி வந்திருந்த நேரம், எல்லா வீட்டிலும் கிமிஸ் இருந்தது. யார் வீட்டுக் குதிரைப்பால் அதிகம் புளித்தது என்பது எங்கள் ஊரில் சண்டை மூட்டுகிற கேள்வி. அதை நாக்கை நம்பாமல், சிவப்பு வர எத்தனை சொட்டுக் காரம் வேண்டும் என்று சொட்டுக் கணக்கில் அளக்கலாமே என்பது என் பல நாள் யோசனை. அதை அப்படியே குபாத்துக்குக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்ததும் நான்தான். பியூரெட்டைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தாங்கியில் மாட்டினேன். திருகைத் திருப்பினேன். சொட்டு விழுந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்கிவிட்டது.

"இங்க பாரு, வெளிர் சிவப்பு. வந்தும் வராததுமா இருக்கணும். அது நின்னதும் மூடு. ஒரு சொட்டு கூடப் போனா எல்லாம் வீண்."

"வெளிர் சிவப்பு," என்றான். "வந்தும் வராததுமா."

திறந்த வகுப்புக்கென்று எங்களிடம் இருக்கும் ஏற்பாட்டையும் அவன் மறக்கவில்லை. வாத்தியார் கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர் வலது கை, தெரியாதவர் இடது கை. குழுவின் கண்ணுக்கு வெறும் கைக்காடுதான் தெரியும்.

அன்றைக்கு அவனுடைய ஐந்தாம் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. நான் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை வேதியியல் அறை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோய்ப் பந்தை விட்டுவிட்டு, கண்ணாடியோடு கண்ணாடியாக நின்றேன். கடைசி வரிசையில் குழு. குழுத் தலைவி கம்பளிச் சால்வை போட்ட ஒரு பெரிய அம்மா. குபாத் திருகைத் திருப்பினான். சொட்டு, சொட்டு. குடுவையை ஆட்டினான். லேசான சிவப்பு வந்தது, நின்றது. மூடுடா என்று ஜன்னலுக்கு வெளியே என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் குழுவைத் திரும்பிப் பார்த்தான். அவர்கள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு வெளிறிய நிறம் கடைசி வரிசைக்கு எப்படித் தெரியும்? அவன் திருகை இன்னும் திறந்தான். குடுவை பீட்ரூட் சாறாகிவிட்டது.

குழு கை தட்டியது. அந்த அம்மா எழுந்து நின்று தட்டினார்.

உள்ளே ஒரு வலது கை உயர்ந்திருந்தது. மூன்றாம் வரிசை அகிலாய். மற்ற கைகளெல்லாம் இறங்கிய பிறகும் அது இறங்கவில்லை. குபாத் பார்த்தான், அவளைக் கூப்பிடவில்லை.

இடைவேளையில் அவள் மைதானத்துக்கு ஓடி வந்தாள்.

"எஜே, அது தாண்டிப் போச்சுல்ல?"

"போச்சு."

"வெளிர் சிவப்புலயே நிறுத்தணும்னுதானே நீங்க சொல்லிக் குடுத்தீங்க? அப்ப ஏன் கை தட்டுனாங்க?"

"தூரத்துல உக்காந்திருந்தாங்க கண்ணு," என்றேன்.

சாக்பீஸ் சிவப்பை மட்டுமே பார்த்து வளர்ந்த பெண் அவள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை அன்று மாலைவரை தாங்கியது. மாலை விருந்தில், ஆட்டிறைச்சிக்கு முன்னால், குழுத் தலைவி அப்திரசூல் அகாயைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை பயிற்சி வாங்கின ஆளைப் பந்து உருட்ட விட்டிருக்கீங்களே. வேதியியலை யார் கையில குடுத்திருக்கீங்க? அவங்க எத்தனை பயிற்சிக்குப் போயிருக்காங்க?"

நான் ஒரு பயிற்சிக்கும் போனதில்லை. என்னை விட முடியாதே.

ஜனவரியில் பாட நேரங்களை மாற்றி எழுதினார்கள். பெரிய வகுப்புகளின் அறிவியல் எல்லாம் குபாத்துக்கு. அப்திரசூல் அகாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மேலிடத்து முடிவு எஜே. பயிற்சி பெற்றவங்கதான் எடுக்கணுமாம். உங்க மணி நேரம் குறையாம நான் பாத்துக்கிட்டேன். குபாத்தோட பி.டி. வகுப்பெல்லாம் உங்களுக்குத்தான்."

"எனக்கு மூட்டு வலி அகாய்."

"நீங்க எதுக்கு ஓடணும்? விசில் ஊதினா போதும். ஜூன்ல ஓய்வு வருது, அதுவரைக்கும் காத்தாட நில்லுங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மேசையைக் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்கவில்லை. வாசலில் குபாத் நின்றுகொண்டிருந்தான், அழுதிருந்தான்.

"நான் கேக்கல எஜே. சத்தியமா நான் கேக்கல."

"நீ எதையும் கேட்டதே இல்லடா. அதான் எல்லாம் உன்கிட்ட வருது."

அவன் பெட்டியை மறுபடி பூட்டிவிட்டான். பத்தாம் வகுப்புக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டினான். நான் பனியில் நின்று விசில் ஊதினேன்.

ஏப்ரலில் பனி விலகிக் கணவாய்ப் பாதை தெளிந்தது, ஆய்வகப் பயிற்சிக்கு அடுத்த அறிவிப்பும் வந்தது, ஏற்கெனவே பெட்டி வாங்கிய பள்ளிக்கு இரண்டாவது பெட்டி கிடையாது என்ற குறிப்போடு. இந்த முறை நான் யாரையும் தேடிப் போகவில்லை. அப்திரசூல் அகாயே மைதானத்துக்கு வந்தார்.

"எஜே, ஒரு ஆளை அனுப்பணும். குபாத்தை விட முடியாது, பதினொன்னாம் வகுப்புக்குப் பரீட்சை. நீங்க போயிட்டு வாங்களேன். பி.டி.தானே, பசங்க அவங்களா ஆடிக்குவாங்க."

போகமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது. எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

பிஷ்கெக்கில் ஆய்வகம் வெயில் நிறைந்து கிடந்தது. ஆளுக்கொரு பியூரெட். என் பக்கத்து மேசைகளில் ஒரு நூலகர், ஒரு இசை ஆசிரியை, தையல் சொல்லித்தருகிற ஒரு பெண். முதல் நாள் பந்தைப் பிடித்து எங்கள் தனிமங்களைச் சொன்னோம். இரண்டாம் நாள் திருகைத் தொட்டேன். என் குடுவையில் வந்தும் வராததுமாய் ஒரு சிவப்பு நின்றது. பயிற்சி நடத்திய இளம்பெண் குனிந்து பார்த்தாள், பிறகு எல்லோரையும் கூப்பிட்டாள்.

"எஜே, இவ்ளோ சரியா இங்க யாரும் நிறுத்தினதில்ல. உங்க பிள்ளைங்க குடுத்து வெச்சவங்க. என்ன எடுக்குறீங்க?"

"வாலிபால்," என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். குடுவையோடு என்னை நிறுத்திப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கைபேசி துடித்தது. அகிலாய் படத்தைப் பார்த்திருந்தாள்.

"எஜே, இதுதான் சரியான நிறமா? வந்ததும் எங்களுக்குக் காட்டுவீங்கல்ல?"

கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். பிறகு, குபாத் அகாயைக் கேள் என்று எழுதி அனுப்பினேன்.