புருவத்தைப் பார்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் தன் அம்மாவிடம், "நல்லா நடிச்சது என் தப்பாம்மா?" என்று கேட்டாள். லிஃப்ட் வந்தது, போய்விட்டார்கள். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு.

முதல் வரி இப்படி வந்தது: 'ஆட்டிசம் உள்ள அந்த மாணவி, தன்னம்பிக்கையின் சிகரமாக...' (சீ! பாராட்டு விழாவா நடத்துகிறேன்? அடித்துவிட்டேன்.)

2
பல்கலைக்கழக வேலைவாய்ப்புப் பிரிவில் ஜன்னலில்லாத ஓர் அறை. ஆலோசகர் நல்லவர், வில்லங்கமே அங்கேதான். நேர்காணலுக்கு அவளை மாதக்கணக்கில் தயார் செய்தார்.

"கண்ணைப் பாக்க முடியலன்னா புருவத்தைப் பாரும்மா. எதிர்ல இருக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"விரல் தானா ஆடுது மேடம்."

"மேஜைக்கு அடியில வெச்சுக்கோ. ஆட்டிசம் சர்டிபிகேட்டை இப்பக் காட்டாத. முதல்ல உள்ள போ, அப்புறம் சொல்லிக்கலாம்."

டியூப்லைட்டின் இரைச்சல் மண்டையைக் குடைய, அவள் சிரிக்கப் பழகினாள். வேலை கிடைத்தது. ஆலோசகர் கைதட்டினார்.

(இங்கேயே முடித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மனசு வரவில்லை.)

3
அலுவலகம் சுவரில்லாத ஒரே ஹால். போன் மணி, அரட்டை, ஏசியின் உறுமல். அவள் கழிப்பறைக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்காரத் தொடங்கினாள். கடைசியில் சான்றிதழை நீட்டி, மூலையில் ஓர் இடம் கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள், பாவம்.

மேலாளரை (கொடூரனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை) மரியாதையானவர் என்றே வைத்துக்கொள்வோம்.

"இன்டர்வியூல நான்தானேம்மா இருந்தேன்? கண்ணைப் பாத்து டாண் டாண்னு பதில் சொன்னீங்களே. அப்ப இல்லாதது இப்ப எங்கேருந்து வந்துச்சு? வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி உங்களை நேர்ல கூப்பிட்டுப் பாக்கும். அவங்க நம்பினா சரி. இல்லன்னா, பொய் சொன்னீங்கன்னு வேலையிலேருந்து நிறுத்திடுவாங்க."

4
பழைய அறைக்கே ஓடிவந்தாள். அதே டியூப்லைட்.

"அவங்க நம்பணும்னா எப்படி இருக்கணும் மேடம்? விரலை எவ்வளவு ஆட்டணும்? கண்ணை எங்க வெச்சுக்கணும்? கத்துக்கொடுங்க."

ஆலோசகர் அப்போதுதான் கவனித்தார். அவள் ஆலோசகரின் புருவத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதமும் கண்ணைப் பார்த்ததாகவே நினைத்திருந்தார்.

5
ஒரு முடிவில் ஆலோசகரே கமிட்டிக்குப் போய் மேஜையைத் தட்டுகிறார். (நடக்கிற காரியமா?) இன்னொன்றில் அவள் வேலையை உதறிவிட்டு, தலைநிமிர்ந்து... இல்லை. லிஃப்ட் வாசலில் அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடு.

'"சரி, உக்காரு. கையை மேஜை மேல வை" என்றார் ஆலோசகர்.' இதை எழுதி அடித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். கத்துக்கொடுத்தால் பாவம், கத்துக்கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

என்னால் ஆகாது. ஆலோசகரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள், உங்கள் புருவத்தைப் பார்த்தபடி.