அந்தப் பக்கம் எந்த ஊர்

மல்லிப்பட்டினம் மீன் இறங்குதளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்த வீரையன், காங்கிரீட் தூணின் தலையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். ஒரு தூண், அடுத்த தூண், அதற்கடுத்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள்.

"தேங்கா தட்டுற மாதிரியே தட்டுறீங்களே மச்சான். முத்தலா, வழுக்கையா?" என்றான் ராம்கி. வீரையன் மனைவி தங்கமணியின் தம்பி அவன். பேராவூரணியில் மாருதி வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான். இந்த இரண்டு நாளும் சவாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"சத்தத்த வச்சே சொல்லிடலாம் மாப்ள. உள்ள கம்பி துருப்பிடிச்சா பொத்துன்னு கேக்கும்" என்று சொல்லிவிட்டு வீரையன் திரும்பி வேனைப் பார்த்தான். யாருக்குக் காட்ட வந்தானோ அவள் இறங்கவே இல்லை. பின் சீட்டில் கால்களை மடக்கிப் போட்டு, சன்னலில் தலை சாய்த்து, சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள் மகள் மேகலா. ஒன்பதாவது முடித்துப் பத்தாவது போகப்போகிறாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பி கட்டும் வேலைக்கென்று வளைகுடா போனவன் வீரையன். ஐந்து மா குத்தகை நிலமும், வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்கிற ஆற்றுத் தண்ணீரும் போதவில்லை. அங்கே கப்பல்கள் வந்து அணைவதற்காகக் கடலுக்குள் நீளும் பாலங்களைக் கட்டும் கம்பெனி. இப்போது அதில் ஃபோர்மேன். நான்கு பாலங்கள் அவன் கையால் முடிந்திருக்கின்றன. முடிந்த மறுநாளே வாசலில் கேட் போட்டு விடுவார்கள். அதன் பிறகு பாஸ் இல்லாமல் அவனே உள்ளே கால் வைக்க முடியாது. அந்தப் பாலங்களைப் பற்றித்தான், மேகலாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை போனில் கேட்டாள்.

"அப்பா, நீங்க கடல்ல பாலம் கட்டுறீங்கன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். அந்தப் பக்கம் எந்த ஊருன்னு கேட்டாங்க. எந்த ஊருப்பா?"

"அந்தப் பக்கம் ஊரே கெடையாதும்மா. பாதிக் கடல்ல நின்னுடும்."

"அப்பறம் எதுக்குக் கட்டுறீங்க?"

அதற்குப் பதில் சொல்லத் தொடங்குவதற்குள் போன் கார்டில் பணம் தீர்ந்துவிட்டது. "வந்து காட்டுறேன்" என்று மட்டும் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. அடுத்து வந்த விடுமுறை முழுவதும் வீடு கட்டுவதில் போயிற்று. அதற்கடுத்த விடுமுறையில் அவன் அம்மா இறந்துபோனாள். மூன்றாவது விடுமுறையில்தான் கணக்காக இரண்டு நாள் ஒதுக்கி, மல்லிப்பட்டினத்தில் தொடங்கிப் பூம்புகார் வரை கரையோரமாகவே போய், கடலுக்குள் நீளும் எதையும் விடாமல் காட்டிவிடுவது என்று திட்டம் போட்டான். இதற்குள் கேட்டவள் கேள்வியையே மறந்திருந்தாள்.

சட்டைப் பையில் கம்பெனிக் கடிதம் இருந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம். வருகிறானா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் போகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. போவான் என்பது வெயிலைப்போலத் தெரிந்த விஷயமாக இருந்தது. "ரெண்டு வருசம்தானே மச்சான். நீங்க வர்றப்ப இது பதினொண்ணாவது முடிச்சிருக்கும்" என்று வேனை ஓட்டியபடியே ராம்கி சொன்னான். இருந்துவிடலாமா என்ற நினைப்பு வீரையனுக்கு மட்டும்தான் இருந்தது. இரு என்று அந்த வீட்டில் யார் சொன்னாலும் இருந்துவிடுவான். மகள் சொன்னால் அன்றைக்கே கடிதத்தைக் கிழித்துவிடுவான்.

இரவு வேளாங்கண்ணியில் தங்கிவிட்டுக் காலையில் நாகப்பட்டினம் பார்த்துக்கொண்டு வடக்கே போனார்கள். முந்தின வருஷம் மேட்டூர்த் தண்ணீர் நேரத்துக்கு வரவில்லை. சாலையின் இடப்புறம் வயல்கள் வெடித்துக் கிடந்தன. மதியம் ஒரு புங்க மரத்தடியில் வேனை நிறுத்திக் கட்டுச்சோற்றைப் பிரித்தாள் தங்கமணி.

"மாமா, நீ என்ன உருளக்கெழங்க மட்டும் பொறுக்குற? குடு இங்க" என்று ராம்கியின் இலையில் கைவைத்தாள் மேகலா.

"ஏய், எடுத்தே, எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன் பாத்துக்க."

"போயேன். நீ போய்டுவியா? எங்க அம்மா உன்ன வீட்டுக்குள்ள விடுமா?"

சிரித்துக்கொண்டே அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். சிரிப்பு முகத்தில் இருந்தது; குரல் மட்டும் மாறிவிட்டது. "அப்பா, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா? நல்லா சாப்புடுங்க."

விருந்தாளியிடம் கேட்பது போலத்தான் இருந்தது. போதும் என்று கையால் மறித்தான். கை கழுவ மரத்துக்குப் பின்னால் போனபோது, தண்ணீர் ஊற்ற வந்த தங்கமணியிடம் கேட்டான்.

"ஏன் தங்கம், புள்ள என்னய வாங்க போங்கன்னே பேசுது?"

"அப்பன வேற எப்படிப் பேசும்?"

"ஒன்னய 'நீ'ங்குது. ராம்கிய 'நீ'ங்குது."

"அவன் மாமன். தூக்கி வளத்தவன்…" என்று சொல்லி வந்தவள் நிறுத்திக்கொண்டாள். செம்பைச் சாய்த்து அவன் கையில் தண்ணீர் ஊற்றினாள். "நாந்தாங்க பழக்கிவிட்டேன். சின்னதுல ஒங்களயும் வா போன்னுதான் சொல்லும். பூத்துல போன் வர்றப்ப பூத்து வச்சிருக்க சிங்காரவேலு அண்ணன் இருப்பாரு, இன்னும் நாலு பேரு நிப்பாங்க. 'அப்பா நீ எப்ப வருவ'ன்னு இது கத்தும். எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த வெயில்ல நின்னு சம்பாதிக்கிற மனுசனுக்கு இங்க மரியாதையில்லன்னு நெனச்சுடுவாங்கல்ல. அதான் ரிசீவரக் குடுக்குறப்ப தொடையில ஒரு கிள்ளு கிள்ளுவேன். நீங்கன்னு சொல்லுன்னு."

வீரையன் ஈரக் கையை வேட்டியில் துடைத்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், போன் தங்கமணியிடமிருந்து மகள் கைக்கு மாறும்போது, ஓரிரு நொடி சத்தமே இருக்காது. தூரத்து லைன், குரல் கடலைத் தாண்டி வர அவ்வளவு நேரமாகிறது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தான். உடன் தங்கியிருந்தவர்களிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

"அதுகிட்டயே கேளுங்களேன்" என்றாள் தங்கமணி.

"என்னன்னு? என்னய நீன்னு சொல்லுன்னா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அதே முந்தானையால் கண்ணையும் துடைத்தாள்.

நாலரை மணிவாக்கில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில், சாலையிலிருந்தே அந்தப் பாலம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்டதாம். இரும்புக் கால்களில் சிப்பி மொய்த்திருந்தது. மேலே பரப்பியிருந்த பலகைகளில் பல்லு போனது போல இடையிடையே சந்து. சிப்ஸ் தின்றபடியே மேகலா தானாகவே இறங்கி வந்தாள். பாலத்தின் மேல் கொஞ்ச தூரம் வந்து, ஒரு பலகை பெயர்ந்துபோயிருந்த இடத்தில் நின்றுவிட்டாள். தங்கமணி கரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வீரையன் அந்தச் சந்தைத் தாண்டிப் பாலத்தின் பாதிவரை போனான். ராம்கி அவனையும் தாண்டி நுனிக்கே போய், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவரிடம் ஏதோ பேச்சுக் கொடுத்தான். வாடைக்காற்று இல்லை, ஆனாலும் நல்ல காற்று. வேட்டி படபடத்தது. இரும்பைத் தட்டிப் பார்க்க இந்த முறை வீரையனுக்குத் தோன்றவில்லை. எதற்குக் கட்டுகிறார்கள் என்று மகள் கேட்டதற்கான பதிலை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் ஆழம் கிடையாது, பெரிய கப்பல் தட்டிவிடும், அதனால் கப்பல் வர முடிகிற இடம்வரை நாம் போக வேண்டும். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

"போதும், வா! பயமா இருக்கு. வா இங்க!"

மேகலாவின் குரல். வீரையனின் முதுகில்தான் விழுந்தது. அவன் திரும்பிவிட்டான். நாலு எட்டு, ஐந்து எட்டு, பலகைகள் அதிர வேகமாக நடந்தான். சட்டைப் பையில் கடிதம் மொரமொரவென்று சத்தம் போட்டது. முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. கிட்டே வந்தபோதுதான், மகளின் பார்வை தன் தோளுக்கு மேலாகப் போவதைக் கண்டான்.

"மாமா! ஒன்னத்தான் சொல்றேன். வாயேன்!"

"வர்றேன் இரு, பிசாசே!" என்று நுனியிலிருந்து பதில் வந்தது.

அப்புறம்தான் அவள் எதிரில் நிற்கும் அப்பாவைப் பார்த்தாள். அவன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். ஏதோ தவறு செய்துவிட்டது போல அவள் குரல் தணிந்தது.

"நீங்களும் வாங்கப்பா. வழுக்கும்."

கரையில் தங்கமணி எழுந்து நின்றிருந்தாள். இங்கிருந்து அவள் முகம் தெரியவில்லை. மேற்கு வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை அகலம்தான். அரையடி உத்தரத்தின் மேல், கீழே கப்பலோடும் ஆழமிருக்க, தோளில் கம்பியைச் சுமந்து நடந்தவன் அவன். கண்ணை மூடிக்கொண்டே தாண்டிவிடுவான். ஆனால் தாண்டவில்லை. தாண்டத் தெரியாதவனைப் போலச் சந்தின் விளிம்பில் கால் விரல்களை வைத்துக்கொண்டு நின்றான்.

மேகலா ஒருமுறை ராம்கி வருகிறானா என்று பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். சிப்ஸ் எண்ணெய் பிசுபிசுத்த, சின்னக் கை. அவன் பிடித்துக்கொண்டான். அவள் இழுத்தாள், அவன் உடனே கால் எடுத்து வைக்கவில்லை. பெயர்ந்துபோன பலகையின் இடத்தில், இருவருக்கும் கீழே, கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.