மைனஸ் இருபதில் பூத்தொப்பி

டோரிஸ் பின்னிய நாற்பத்தாறு தொப்பிகளில் முதலாவதை பிரெண்டா தூக்கிப் பிடித்தபோது, அதன் வழியே மண்டபத்துக் கூரையில் சுற்றும் மின்விசிறி தெரிந்தது.

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் தமிழ் மெதடிஸ்ட் தேவாலயத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்திருந்தது. பின்மண்டபத்து மேசைகளில் காலணிப் பெட்டி அளவில் நாற்பத்தாறு அட்டைப்பெட்டிகள் திறந்து கிடந்தன. பென்சில், சோப்பு, பல்துலக்கி, சாக்ஸ், ஒரு சிறு விளையாட்டுப் பொருள். எல்லாம் மங்கோலியப் பிள்ளைகளுக்கு. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு லோரி வந்து எடுத்துக்கொள்ளும். இந்த வேலைக்குப் பொறுப்பாளர் பிரெண்டா. வங்கியில் வேலை பார்ப்பவள், கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் கையால் செய்த பொருள் ஒன்றைச் சேர்க்கலாம் என்று ஏப்ரலில் அறிவித்ததும் அவள்தான். அன்றைக்கே கையைத் தூக்கியவர் டோரிஸ் ஒருவர்தான்.

"ஆன்டி, இதுல நெறைய ஓட்டை இருக்கே" என்றாள் பிரெண்டா.

"ஓட்டை இல்ல, பூ. டிசைன் அது."

பிரெண்டா சுண்டுவிரலை ஒரு பூவின் நடுவில் விட்டாள். விரல் மறுபக்கம் வந்தது. விரலை அசைத்தும் காட்டினாள்.

"மங்கோலியால குளிர் காலத்துல மைனஸ் இருபது, இருபத்தஞ்சு போகுமாம் ஆன்டி. காத்து வேற."

"காத்து போகும்னு யாரு சொன்னது? நீ போட்டுப் பாத்தியா?"

"எங்க போட்டுப் பாக்குறது? பிரிக்பீல்ட்ஸ்லயா?"

டோரிஸுக்கு வயது ஐம்பத்தாறு. கிள்ளானில் ஒரு டயர் கடையில் பில் போடுகிறார். குரோஷே பின்னக் கற்றது பிகேபி என்ற கொரோனா முடக்க காலத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, கைப்பேசி வீடியோ பார்த்து. அந்த வீடியோக்களில் இருந்தது ஒரே வகைப் பின்னல்தான், பூ வைத்த வலைப்பின்னல். அதைக்கொண்டு முதலில் பிரிட்ஜுக்கு ஓர் உறை பின்னினார். பிறகு மைக்ரோவேவுக்கு, சோறு ஆக்கும் குக்கருக்கு, வைஃபை பெட்டிக்கு, சோபாவின் முதுகுக்கு. வீட்டில் அசையாமல் இருப்பவை எல்லாவற்றுக்கும் அம்மா சட்டை போட்டுவிட்டார், தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தனக்கும் போட்டுவிடுவார் என்று மகன் பிரையன் சொல்லிக்கொண்டு திரிவான். அது உண்மையில்லை. டோரிஸ் பின்னிய எதையும் அதுவரை ஒரு மனிதர் போட்டதில்லை. இந்தத் தொப்பிகள்தான் முதல்முறை. ஐந்து மாதமாக, டயர் கடையிலிருந்து திரும்பும் பேருந்திலும் பின்னியிருந்தார்.

"தொப்பி இல்லாமலே பெட்டிய அனுப்பிடலாம் ஆன்டி. குறையா நெனைக்காதீங்க" என்றாள் பிரெண்டா. குரலில் கனிவு இருந்தது. அதுதான் டோரிஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சுவரோரம் நின்று கறிபாப் தின்றுகொண்டிருந்த பிரையன் வாயைத் துடைத்தான். வயது இருபத்தொன்பது; ஸ்ரீ கெம்பாங்கானில் உறைந்த உணவு வைக்கும் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான்.

"போட்டுப் பாக்க எடம் இல்லன்னு யாரு சொன்னா? எங்க கோல்ட் ரூம் மைனஸ் இருபதுல இருக்கு. சுகுமாறன் அண்ணே கிட்ட கேக்குறேன்."

"வெளையாடாத பிரையன்" என்றாள் பிரெண்டா.

"நீயும் வா. தள்ளி நின்னு தீர்ப்பு சொன்னா எப்படி?"

புதன்கிழமை மலேசியா தினம். அலுவலகங்களுக்கு விடுமுறை, உறைந்த கோழிக்கு விடுமுறை கிடையாது. காலை பதினொரு மணிக்குக் கிடங்கு வாசலில் மூன்று பெண்கள் நின்றார்கள். டோரிஸ், பிரெண்டா, மூன்றாவதாக டோரிஸின் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள். பவுனம்மாள் கிள்ளானில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். தேவாலயத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவர் போவது அம்மன் கோவிலுக்கு. குளிரில் பெண்களை நிற்கவைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானும் பார்க்க வேண்டும் என்று காரில் ஏறிக்கொண்டார்.

மேற்பார்வையாளர் சுகுமாறன் மூவருக்கும் தடித்த ஜாக்கெட்டும் பூட்ஸும் கொடுத்தார். "அஞ்சு நிமிஷம்தான் அக்கா. அதுக்கு மேல நின்னா நான் ரிப்போர்ட் எழுதணும்" என்றார் டோரிஸிடம்.

டோரிஸ் ஊதா நிறத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டார். பவுனம்மாளுக்கு ஒரு மஞ்சள் தொப்பி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பிரெண்டா கிடங்கின் கறுப்புத் தொப்பியை அணிந்தாள்.

பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனார்கள். கூரைவரை அடுக்கிய பெட்டிகளில் வெண்பனி படிந்திருந்தது. மூச்சு புகையாக வந்தது. பிரையன் அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், குளிர்க்காற்றைத் தள்ளும் பெரிய விசிறிக்குக் கீழே நிறுத்தினான்.

"இங்கதான் நிக்கணும் மா. மங்கோலியால காத்து கேட்டுக்கிட்டு அடிக்காது."

முதல் நிமிடம் டோரிஸ் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நிமிடம் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு பூவின் வழியாகவும் ஊசி இறங்கியது போலிருந்தது. காது முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு இருக்கிறதா என்றே தெரியவில்லை. பிரெண்டா அவர் முகத்தைப் பார்த்து, "போதும் ஆன்டி, வெளிய போலாம்" என்றாள். டோரிஸ் தலையை ஆட்டி மறுத்தார். சுகுமாறன் வாசலிலிருந்து நேரம் முடிந்தது என்று கத்தும்வரை நின்றார்.

வெளியே வந்ததும் தொப்பியைக் கழற்றி, இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். மகனும் பிரெண்டாவும் அவர் ஏதாவது வாதாடப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"வேணாம் பிரெண்டா, பெட்டியில போடாத" என்றார். "சின்னப் புள்ளைங்க காது. நானே அஞ்சு நிமிஷம் தாங்கல."

பிரெண்டா பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிரையன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பிளாஸ்டிக் திரையை ஒதுக்கிக்கொண்டு பவுனம்மாள் நிதானமாக வெளியே வந்தார்.

"உள்ள எவ்ளோ ரொட்டி சானாய் இருக்கு தெரியுமா? கூரை வரைக்கும். இத்தனையும் யாரு திங்கிறா?"

"அக்கா, ஒங்களுக்குக் காது வலிக்கலயா?" என்று கேட்டார் டோரிஸ்.

"எதுக்கு வலிக்கணும்?"

"அதே தொப்பிதான நீங்களும் போட்டிருக்கீங்க?"

பவுனம்மாள் தொப்பியைக் கழற்றினார். உள்ளே, நான்காக மடித்த வெள்ளைத் துண்டு, சிவப்பு எழுத்தில் 'குட் மார்னிங்' என்று அச்சடித்தது, எல்லாக் காப்பிக்கடையிலும் தோளில் தொங்குவது. காதையும் சேர்த்து மூடும்படி வைத்திருந்தார்.

"எனக்கு சைனஸ். பாசார்ல மீன் கடை ஐஸ் கிட்ட போனாலே இதக் கட்டிக்குவேன். ஏன், கட்டக் கூடாதா?"

டோரிஸ் அந்த மஞ்சள் தொப்பியை வாங்கி உட்புறம் வெளியே வரும்படி திருப்பினார். விரலை ஒரு பூவில் விட்டார். மறுகையால் துண்டைப் பின்னால் பிடித்தார். விரல் துண்டில் முட்டி நின்றது.

பவுனம்மாளுக்குத் தையல்காரரின் கண். அடுத்தவர் பேசுமுன் கணக்குப் போட்டுவிட்டார்.

"துண்டு பத்தாது. பிளானல் வேணும். கொழந்தைங்களுக்கு இடுப்புல கட்டற லம்பின் இருக்கே, அந்தத் துணி. உள்ள வச்சுத் தச்சா ஒரு தொப்பிக்குப் பத்து நிமிஷம்."

"லம்பினா? அத எடுத்துத் தலைலயா?" என்றான் பிரையன்.

"புதுசு வாங்கித்தாண்டா தைக்கப் போறேன். நீ கட்டுனதையா கேட்டேன்?"

சுகுமாறன் சத்தமாகச் சிரித்தார். பிரெண்டாவும் சிரித்தாள், ஆனாலும் மடித்து வைத்த பட்டியலை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டாள். "சனிக்கிழமை பன்னெண்டுக்கு லோரி. காத்திருக்காது. முதல்ல ஒண்ணு தச்சு, இதே எடத்துல போட்டுப் பாக்கணும். அது பாஸ் ஆனாதான் மத்தது."

"ஆகும்" என்றார் டோரிஸ். அவர் காது இன்னும் மரத்துத்தான் இருந்தது.

அன்று பிற்பகலே கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு ஜவுளிக் கடையில் பிளானல் வாங்கினார்கள். இத்தனை மீட்டர் லம்பின் துணியா என்று கடைக்காரப் பெண் டோரிஸையும் பவுனம்மாளையும் மாறிமாறிப் பார்த்து, வீட்டில் யாருக்காவது இரட்டைக் குழந்தையா என்று கேட்டாள். "நாப்பத்தாறு புள்ளைங்க" என்றார் பவுனம்மாள்.

முதலில் தைத்தது ஒரு ரோஜா நிறத் தொப்பி. வியாழக்கிழமை பிரையன் அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மதியம் டயர் கடையில் டோரிஸின் கைப்பேசிக்குக் குரல்செய்தி வந்தது. பின்னணியில் போர்க்லிப்ட் சத்தம். "மா, ஓகே லா. மூணு மணி நேரம் போட்டிருந்தேன், காது பத்திரம். ஆனா இங்க ஒருத்தன் விடாம எல்லாரும் போட்டோ எடுத்துட்டானுங்க." டோரிஸ் அதை மூன்று முறை கேட்டார். பிறகு பிரெண்டாவுக்கு அனுப்பினார். பதிலுக்கு ஒரே சொல் வந்தது: பாஸ்.

பவுனம்மாள் வாடிக்கையாளர்களின் ரவிக்கைகளை ஒரு பையில் போட்டு அலமாரிக்குள் தள்ளினார். வேலை முடிந்து வந்து டோரிஸ் துணி வெட்டினார். அளவுக்குக் குக்கர் மூடியைத் துணிமேல் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் இருபத்தொன்பது முடிந்தது. பதினேழு பாக்கி.

சனிக்கிழமை காலையில் பிரையன் தையல் இயந்திரத்தைக் காரின் முன்னிருக்கையில் வைத்து இருக்கைவார் மாட்டினான். பவுனம்மாள் பின்னால் டோரிஸோடு நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. எட்டரை மணிக்குத் தேவாலய மண்டபத்தில், திறந்த பெட்டிகளுக்கு நடுவே, இயந்திரம் ஓடத் தொடங்கியது. டோரிஸ் துணியைத் தொப்பிக்குள் பொருத்திக் கொடுக்க, பவுனம்மாள் தைக்க, பிரெண்டா நூல் நறுக்கிப் பெட்டிக்குக் கொண்டுபோனாள்.

அங்கேதான் புதுச் சிக்கல். முதல் பெட்டியின் மூடி மூடவில்லை. பிளானல் வைத்த தொப்பி முன்பைவிட இரண்டு மடங்கு தடிமன். பிரெண்டா அழுத்திப் பார்த்தாள். மூடி மெதுவாக எழும்பி வந்தது.

"எதையாவது வெளிய எடுக்கணும்" என்றாள்.

டோரிஸ் துணி பொருத்துவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். தொப்பியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார்.

பிரையன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஆறு ஆண்டுகளாகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். "எதுக்கு எடுக்கணும்? காலி எடம் எல்லாம் தொப்பிக்குள்ளதான் இருக்கு." தொப்பியை மல்லாக்க வைத்தான். அதற்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்தான், அதன்மேல் சோப்பு, பல்துலக்கி, விளையாட்டுக் கார். தொப்பி ஒரு பை மாதிரி நிறைந்து பெட்டியின் மூலையில் உட்கார்ந்தது. பென்சில்கள் பக்கவாட்டில். மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

"உனக்கு மூளை இருக்குன்னு இதுவரைக்கும் சொல்லவே இல்லையே" என்றாள் பிரெண்டா.

"கேட்டாதான சொல்றதுக்கு."

பதினொன்றே முக்காலுக்கு நாற்பத்தைந்து பெட்டிகள் மூடியிருந்தன. நாற்பத்தாறாவது தொப்பி கையில் இருந்தது, பச்சை நிறம். பிளானல் தீர்ந்துவிட்டது. பவுனம்மாள் வெட்டுத்துண்டுகளைக் கிளறினார், எதுவும் தேறவில்லை.

"பிரையன், பக்கத்துக் கடைக்கு ஓடு. குட் மார்னிங் டவல் ரெண்டு, புதுசா. நாலு மடிப்பா வச்சுத் தச்சுடறேன்."

அவன் ஓடினான். பவுனம்மாள் துண்டுகளை நான்கு மடிப்பாக்கித் தைத்தார். சிவப்பு எழுத்து சரியாக உட்புறத்து நெற்றியில் வந்து நின்றது.

"எழுத்து தெரியுதே ஆன்டி" என்றாள் பிரெண்டா.

"தெரியட்டுமே. காலைல தொப்பியப் போடறப்ப யாராவது வணக்கம் சொன்னா அந்தப் புள்ளைக்கு என்ன நஷ்டம்?" என்றார் பவுனம்மாள்.

பிரெண்டா அந்தத் தொப்பியைத் தன் தலையில் போட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே போய், முகத்தை மேலே தூக்கி நின்றாள். அரை நிமிடத்தில் நெற்றி வியர்த்தது. "பாஸ்" என்று சொல்லிக் கழற்றி, சாக்ஸையும் சோப்பையும் உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். பட்டியலில் கடைசியாக ஒரு வரி சேர்த்து எழுதினாள்: கையால் பின்னிய தொப்பி, நாற்பத்தாறு. டோரிஸ் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தார்.

லோரி பன்னிரண்டு பத்துக்கு வந்தது. மலேசியா தினத்துக்குக் கட்டிய சின்னக் கொடி அதன் கண்ணாடியில் இன்னும் இருந்தது. பெட்டிகள் கைமாறி ஏறின. கடைசிப் பெட்டியை டோரிஸே கொண்டுபோய் வைத்தார்.

கிள்ளான் திரும்பும் வழியில் பிரையனின் கைப்பேசி அடித்தது. சுகுமாறன். பிரையன் காரில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"அக்கா இருக்காங்களா? அக்கா, பையன் போட்டு வந்தானே, அந்தத் தொப்பி. இங்க பசங்க பதினோரு பேரு கேக்குறாங்க. கம்பெனி தொப்பி தலையில ஒரே அரிப்பு. ஆனா பூ மட்டும் இல்லாம கெடைக்குமா?"

"பூ இல்லாம எனக்குப் பின்னத் தெரியாது தம்பி" என்றார் டோரிஸ்.

மறுமுனையில் யாருடனோ கலந்து பேசுவது கேட்டது. "சரிக்கா, பூவோடயே குடுங்க. எனக்கு மட்டும் கறுப்பு கலர்."

வீட்டுக்கு வந்ததும் டோரிஸ் நூல் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு தொப்பிக்குக்கூடப் போதாது. அவர் நூல் வாங்கும் ரெண்டு ரிங்கிட் கடை திங்கட்கிழமைதான் திறக்கும். சுற்றிலும் பார்த்தார். பிறகு பிரிட்ஜின் மேலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்து, உறையை எடுத்து உதறி, மேசையில் விரித்து, கடைசி முடிச்சைத் தேடினார்.

"மா, என்ன பண்றீங்க?" என்றான் பிரையன்.

"பிரிட்ஜுக்கு வெளிய என்ன குளிரு, உள்ளதான குளிரு" என்று சொல்லிக்கொண்டே நூலை இழுத்தார். முதல் பூ பிரிந்து வந்தது.